வலது பக்கத் தூணுக்குப் பின்னால்

வரவே கூடாது என்று மகள் ஃபோனில் சொன்னபோது நானும் தலையை ஆட்டினேன், இவரும் தலையை ஆட்டினார். ஃபோனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்? ஆகவே அது வாக்குக் கொடுத்த கணக்கில் வராது என்பது என் கட்சி. இவருடைய கட்சியும் அதுதான். வேறு எந்த விஷயத்திலும் நாங்கள் இருவரும் ஒரே கட்சியில் இருந்ததில்லை.

அவள் கால்வாயில் மதகு ஆபரேட்டர். மூன்று மாதமாகப் பயிற்சி. கால்வாயின் ஒரு பகுதியில் தண்ணீர் தாழ்ந்தும், அதற்கு அடுத்த பகுதியில் மூன்று ஆள் உயரத்துக்கு மேலேயும் இருக்கிறது. நடுவே இரண்டு ராட்சதக் கதவுகள் வைத்து ஒரு தொட்டி கட்டியிருக்கிறார்கள். படகு தொட்டிக்குள் வந்ததும் பின்கதவை மூட வேண்டும், தண்ணீர் விட்டுப் படகை மேலே ஏற்ற வேண்டும், பிறகு முன்கதவைத் திறந்து அனுப்ப வேண்டும். பரீட்சை நாளன்று பத்தரை மணிக்கு வரும் சுற்றுலாப் படகை அவள் தனியாக ஏற்றி அனுப்பவேண்டும். மேலதிகாரி பக்கத்தில் நின்று பார்ப்பார். சரியாகச் செய்தால் வேலை நிரந்தரம். பிசகினால் பழையபடி ஆபீஸ் கிடங்கில் கயிறு சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எங்களை வரவேண்டாம் என்றதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. எட்டு வயதில் சைக்கிள் பழகியபோது இவர் பின்னாலேயே ஓடி "பிரேக்கு, பிரேக்கு" என்று கத்தியதில் நேராகப் போய்ச் சுவரில் முட்டினாள். பேச்சுப் போட்டியில் நான் முதல் வரிசையில் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து வாயசைத்தேன். என் வாயையே பார்த்துக்கொண்டு நாலாவது வரியில் நின்றுபோனாள். லைசென்ஸ் எடுக்கப் போன அன்று காம்பவுண்டுச் சுவருக்கு மேலே இவர் தலை முளைத்தது. காரைக் கொண்டுபோய் டிரம்மில் ஏற்றினாள். அடுத்த வாரம் எங்களிடம் சொல்லாமல் போய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். "நீங்க ரெண்டு பேரும் பாத்தா என் கை என் பேச்சைக் கேக்க மாட்டேங்குதும்மா" என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

எல்லாம் சரி. ஆனால் இருப்புக் கொள்ளவில்லையே, என்ன செய்வது? முதல் நாள் முழுக்க இவர் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள் வளைய வந்தார். மறுநாள் ஒன்பதரைக்கு இருவரும் அதே படகில் ஏறினோம். இவர் தலையில் பக்கத்து வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கிய பச்சைத் தொப்பி. நான் முகத்தில் பாதியை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி.

படகில் ஏறுகிறவர்கள் எல்லோரும் நன்றாகப் பார்க்க ஒரு இடம் தேடுவார்கள். எங்களுக்கு நன்றாகப் பார்க்கவும் வேண்டும், எங்களை யாரும் பார்க்கவும் கூடாது. இந்த விஷயத்தில் எங்களுக்குப் பாடம் எடுக்க யாராலும் முடியாது என்றுதான் நினைத்திருந்தோம். இவர் முப்பது வருஷம் பேருந்து ஓட்டியவர். நான் இருபத்திரண்டு வருஷமாகத் தியேட்டரில் டார்ச் அடித்து சீட் காட்டுகிறவள்.

இவர் ஏறியதும் ஏறாததுமாக முன்பக்கம் ஓடினார். முன்னால் இருந்தால்தான் எல்லாம் தெரியுமாம். தெரியும், மகளுக்கும் உங்கள் மண்டை முதலில் தெரியும் என்று கையைப் பிடித்து இழுத்துவந்தேன். மேல்தளம் வெட்டவெளி. அங்கே நாற்காலிகள் அருமையாக இருந்தன, காற்றும் அருமையாக இருந்தது, தொப்பி பறந்தால் கதை முடிந்தது. பின்பக்கம் எஞ்சின் புகை. அங்கே ஐந்து நிமிஷம் நின்றதில் இவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. இவர் இருமினால் மகள் வீட்டு மாடியிலிருந்தே கண்டுபிடிப்பாள்.

கீழ்த்தளத்தில் சிவப்புச் சட்டை போட்ட படகு ஊழியர் ஒருவர், பறவை பார்க்க இடது பக்கம், படம் எடுக்க முன்பக்கம், மதகு வரும்போது மேல்தளம் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒளிந்துகொள்ள எந்தப் பக்கம் நல்லது என்று இவர் அவரிடம் போய்க் கேட்டுவிட்டார். அவர் எங்கள் இரண்டு பேரையும், தொப்பியையும், கண்ணாடியையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வீட்டுக்குத் தெரியாமல் வந்துவிட்டீர்களா என்று மெல்லக் கேட்டார். அறுபது வயதில் இந்தக் கேள்வியைக் கேட்க வைத்த மனுஷனை நான் என்ன சொல்ல! ஆமாம், பெண்ணுக்குத் தெரியாமல் வந்திருக்கிறோம் என்று உண்மையைச் சொன்னேன். அவர் அதற்கப்புறம் எங்களை இன்னும் மரியாதையாக நடத்தினார்.

கடைசியில் கணக்குப் போட்டோம். மகள் அனுப்பிய படம் இவர் ஃபோனில் இருந்தது. தொட்டியின் இடது கரையில் உயரமாக ஒரு கண்ணாடி அறை, உள்ளே ஒரு சுழல் நாற்காலி, முன்னால் பொத்தான்கள். பேருந்தை ஓட்டுகிறவர் சீட்டில் இருப்பார். தியேட்டரில் படம் ஓட்டுகிறவரும் கேபினைவிட்டு நகர மாட்டார். எனவே மதகை ஓட்டுகிறவளும் கண்ணாடி அறையில்தான் இருப்பாள். அங்கிருந்து பார்த்தால் படகின் வலது ஓரம், கூரை நிழல், மூன்றாவது தூணுக்குப் பின்னால் ஒருத்தருக்கும் எதுவும் தெரியாது என்று இவர் சொன்னார். நிழலில் இருப்பவளுக்கு வெளிச்சம் தெரியும், வெளிச்சத்தில் இருப்பவளுக்கு நிழல் தெரியாது என்று நான் சொன்னேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒரு இடத்தை இரண்டு பேரும் சேர்ந்து தேர்ந்தெடுத்தோம். எனக்கே பெருமையாக இருந்தது.

பத்து இருபத்தெட்டுக்குப் படகு தொட்டிக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் பாசி பிடித்த சுவர். சில்லென்று ஒரு வாடை. பின்னால் கதவு மூடிக்கொண்டது. அலுங்காமல், ஒரு டமால் சத்தம்கூட இல்லாமல் மூடிக்கொண்டது. "பாத்தியா, எப்படி மூடுறா பாரு" என்று இவர் என் முழங்கையைக் கிள்ளினார். நான் தூணுக்கு இந்தப் பக்கமாக எட்டி, எதிர்க்கரையின் கண்ணாடி அறையைப் பார்த்தேன்.

நாற்காலி காலியாக இருந்தது.

அவளை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்களோ? கடைசி நேரத்தில் பயந்துபோய் அவளே போய்விட்டாளோ? இவர் முகத்தில் ஈயாடவில்லை. "வேற யாரோதான் கதவை மூடியிருக்காங்க" என்றார். அந்த நேரத்தில் மகள் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது, இப்படியா விட்டுக்கொடுத்துவிட்டு ஓடுவாள் என்று. அப்புறம் அந்தக் கோபத்தை நினைத்து எனக்கு அழுகை வந்தது. இதற்குள் தண்ணீர் இரைச்சலோடு உள்ளே வர ஆரம்பித்தது. படகு ஏறியது.

நாங்கள் நின்ற வலது பக்கத்தில் தொட்டிச் சுவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குவது மாதிரி இருந்தது. பாசி போய் வெறும் கல் வந்தது. கல் முடிந்த இடத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில், ஒரு ஜோடி பூட்ஸ் தெரிந்தது. கயிற்றில் இரட்டை முடிச்சு, அதற்கு மேல் இன்னொரு முடிச்சு. ஒன்றாம் வகுப்பிலிருந்து அப்படி மூன்று முடிச்சுப் போடுகிற ஒரே ஆளை எனக்குத் தெரியும்.

மதகு ஆபரேட்டர் அறையில் உட்காருவதில்லை! கதவை மூடியதும் கதவின் மேலே இருக்கிற நடைபாதை வழியாக இந்தக் கரைக்கு வந்து, சுவரோரம் பொத்தான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, படகைக் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் தண்ணீர் விட வேண்டுமாம். இதை அவள் எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

படகு விடாமல் ஏறியது. பூட்ஸ், பிறகு முழங்கால், பிறகு ஆரஞ்சு நிற மேல்சட்டை. பக்கத்தில் கையில் அட்டையும் பேனாவுமாக மேலதிகாரி. ஓடி ஒளிய நேரமில்லை. பின்னால் முழுக்க ஆட்கள். நான் கண்ணாடியை மூக்கோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன். இவர் தூணுக்கும் படகின் ஓரக் கம்பிக்கும் நடுவில் தன்னைத் திணித்துக்கொள்ளப் பார்த்தார். அந்த உடம்புக்கு அந்த இடுக்கு எப்படிப் போதும்?

அவள் முகம் எங்கள் முகத்துக்கு நேராக வந்தது. என்னைப் பார்த்தாள். இவரைப் பார்த்தாள். எங்கள் வீட்டுப் பெண்ணின் முகம் சிவக்கப்போகிறது, உதடு துடிக்கப்போகிறது, எல்லாம் பாழ் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பாழாக்கியது நாங்கள்தான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அவள் கை சிவப்புப் பொத்தானை அழுத்தியது. தண்ணீர் இரைச்சல் அடங்கிப் படகு அப்படியே நின்றது.

"பச்சைத் தொப்பி போட்ட ஐயா, கைய உள்ள எடுங்க" என்றாள். நிதானமாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

அப்போதுதான் பார்த்தேன். தூணைக் கட்டிக்கொள்ளும் அவசரத்தில் இவர் வலது கையைக் கம்பிக்கு வெளியே நீட்டிக் கரையோர விளக்குக் கம்பத்தைப் பிடித்திருந்தார். அந்தக் கைக்கு நேர் மேலே, அந்தக் கம்பத்திலிருந்து ஒரு இரும்புப் பட்டை துருத்திக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு சாண் படகு ஏறியிருந்தால் படகின் கம்பி அதைத் தாண்டியிருக்கும், கை தாண்டியிருக்காது. நான் பக்கத்திலேயே நின்றேன்; எனக்குத் தெரியவில்லை. அதிகாரிக்கும் தெரியவில்லை. எல்லாரும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் ஒருத்திதான் கையைப் பார்த்திருக்கிறாள்.

இவர் உறைந்துபோய் நின்றார். எத்தனையோ ஆயிரம் பேரைத் தன் பேருந்தில் அதட்டியவர், யாருடைய அதட்டலுக்கும் மசியாதவர். "பாப்பா..." என்று ஆரம்பித்தார்.

"கைய எடுங்க, ஐயா. நீங்க எடுத்தாத்தான் தண்ணி விடுவேன்."

"சரிங்கம்மா" என்றார் இவர். கையை உள்ளே எடுத்துக்கொண்டார்.

அவள் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை கம்பி முழுவதையும் ஒரு தடவை கண்ணால் அளந்தாள். பிறகு பச்சைப் பொத்தான். படகு மறுபடி ஏறியது. எங்கேயும் இடிக்கவில்லை, ஒரு குலுங்கல் இல்லை. முன்கதவு திறந்தபோது மேல்தளத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். அவர்கள் மதகுக்குத்தான் தட்டியிருப்பார்கள், ஆனாலும் நான் எனக்குத் தட்டியதாகவே எடுத்துக்கொண்டேன். கண்ணாடிக்குள் கண்ணீர் தேங்கி எதிரில் எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது.

அதிகாரி அட்டையில் எதையோ எழுதிவிட்டு, தெரிந்தவர்களா என்று அவளிடம் கேட்டார்.

"இப்ப பயணிங்க சார்" என்றாள், தண்ணீர் அளவைப் பார்த்துக்கொண்டே. "கதவை மூடினப்புறம் அம்மா அப்பா. அதுக்கப்புறம் நான் அவங்ககிட்ட பேசிக்கிறேன்."

அவர் சிரித்து, அட்டையின் கீழே பெரிதாகக் கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். அவள் அதைப் படித்துவிட்டு எங்களைப் பார்த்தாள். சாயங்காலம் வீட்டில் எங்களுக்குக் கச்சேரி இருக்கிறது என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. நன்றாகத் திட்டட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும் என்று என் மனசு குதித்தது.

படகு தொட்டியைவிட்டு வெளியே வந்து அகலமான தண்ணீரில் நகர்ந்தது. சிவப்புச் சட்டைக்காரர் வந்து, மேல்தளத்தில் நல்ல இடம் காலியாக இருக்கிறது, வாருங்கள் என்று கூப்பிட்டார். இவர் நகரவில்லை. இரண்டு கையையும் கக்கத்தில் இறுக்கி வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார். அரை மணி நேரம் கழித்து அடுத்த துறை வந்தபோதும் அப்படியேதான் நின்றார்.

"போதுங்க, கைய எடுங்க. எறங்கணும்" என்றேன்.

"அவ இன்னும் சொல்லலையே" என்றார்.