வரிசையில கடைசிப் பேரு

என்ற ஊட்டுக்காரரு மயில்சாமிக்கு மறதின்னா அப்படியொரு மறதிங்க. பீளமேட்டுல பம்பு கம்பெனியில வேலை. தோட்டந்தோட்டமாப் போயி ஓடாத மோட்டாரப் பாத்துக் குடுக்கோணும். ஆரு தோட்டம், எந்த ஊரு, போன் நம்பரு எல்லாத்தையும் துண்டுச் சீட்டுல எழுதிச் சட்டைப் பையில போட்டுக்குவாரு. நான் தொவைக்கையில அது கூழாப் போயிரும். அதுக்கும் என்ற மேலதான் எரிஞ்சு உழுவாரு, பையப் பாக்காமத் தொவைச்சது என்ற தப்பாமா.

தொண்ணூத்தாறுன்னு நெனைக்கறேன், காந்திபுரத்துல ஒரு கடையில டிஜிட்டல் டைரின்னு ஒண்ணு வாங்கிட்டு வந்தாரு. மூடுனா சோப்பு டப்பா மாதர இருக்கும். தொறந்தா மேல ஒரு கண்ணாடி, கீழ பொடிப்பொடிப் பட்டனு. பேரு, நம்பரு, தேதி எல்லாம் இங்கிலீசுல அடிச்சு வெச்சாப் போதும், கேக்கறப்பக் காட்டும், நேரமானாக் கத்தும். சோறு தண்ணி மறந்து உக்காந்து எல்லாப் பேரையும் அதுல ஏத்துனாரு.

"ஏனுங்க, என்ற பேரு இருக்குதுங்களா?"ன்னு கேட்டேன்.

"உன்ற பேரு எதுக்கு ராசாத்தா இதுல? நீ ஊட்டுலதான இருக்கற"ன்னாரு, தலையத் தூக்காம.

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சுங்க. ஒறம்பற சொந்தம், ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன், கரண்டு ஆபீசு, அத்தன பேருக்கும் எடமிருக்குது, கட்டுன பொண்டாட்டிக்கு இல்லையாமா. அன்னைக்குப் பொரியல் வெக்காமக் கொழம்ப மட்டும் ஊத்துனேன். அதையும் அவரு கவனிக்கலீங்க.

பொய் சொல்லக் கூடாது, அந்த டப்பாவுனால நல்லதும் இருந்துச்சு. சொன்ன நாளுக்குத் தோட்டத்துக்குப் போனாரு. கம்பெனியில திட்டு வாங்கறது நின்னுபோச்சு. ஊட்டுல சண்டையும் கொறஞ்சுது. சரி, ஒரு சனியன் வந்து இன்னொரு சனியனத் தொரத்துச்சுன்னு நானும் உட்டுட்டேன்.

அப்பத்தான் எங்க புள்ள யுவஸ்ரீக்குக் காதுகுத்து வந்துச்சு. எங்க பக்கம் தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் புள்ளைக்குக் காது குத்தோணும். மாமன் இருக்கையில வேற ஆளு மடியில வெச்சா, அண்ணன் தங்கச்சி ஒறவு அத்துப்போச்சுன்னு ஊரே பேசும். எனக்கு இருக்கறது ஒரே அண்ணன், வேங்கடசாமி. ஆனைமலையில தேங்கா மண்டியில கணக்குப் பாக்கறாரு. அப்பன் ஆத்தா போனதுக்கப்பறம் எனக்குப் பொறந்த ஊடுன்னா அவருதான். காதுகுத்தும் அந்த ஊரு மாசாணியம்மன் கோயில்லதான் வெச்சிருந்தோம்.

"மொதல்ல ரெண்டு பேரும் வெத்தலபாக்குத் தட்டோட அண்ணன் ஊட்டுக்குப் போயி அழைக்கோணும். அப்பறந்தான் மத்தவங்களுக்குப் பத்திரிக்கை"ன்னு படிச்சுப்படிச்சுச் சொன்னேன். தலைய ஆட்டுனாரு. ஆட்டுன தலைக்குள்ள எதுவும் போகலைன்னு எனக்குத் தெரியாமப் போச்சு.

ஒரு நாளு பொழுதோட பக்கத்தூட்டுக்கு எனக்குப் போன் வந்துச்சு. அண்ணன்.

"ஏன் அம்மணி, சென்னியப்பனுக்குப் பத்திரிக்கை வந்துருக்குது. டீக்கடையில நாலு பேரு முன்னாடி நீட்டி, உனக்கு எப்பக் குடுத்தாங்கன்னு கேக்கறான். நான் என்ன சொல்றது?"

சென்னியப்பன் என்ற ஊட்டுக்காரருக்குப் பங்காளி, அண்ணன் இருக்கற அதே வீதி.

"மடியில வெக்கறதுக்கும் அவனையே கூப்புட்டுக்குங்க"ன்னு போன வெச்சுப்போட்டாரு.

இவரு வந்ததும் புடிச்சேன் ஒரு புடி. மனுசன் டப்பாவத் தொறந்து காட்டறாரு. "இங்க பாரு, இது ஏ, பி, சின்னு வரிசையாத்தான் பேரு காட்டும். ஒருத்தரையும் உட்டுறக் கூடாதுன்னு மேல இருந்து வந்தேன். மோட்டாரு பாக்க ஆனைமலைக்குப் போனப்ப சென்னியப்பன் பேரு வந்துச்சு, குடுத்தேன். மச்சான் பேரு கடைசியில இருக்குது, இன்னும் வரலை."

"எங்கண்ணன் ஊட்டு வாசலத் தாண்டித்தான போனீங்க? வாசல் கண்ணுக்குத் தெரியலீங்களா?"

டப்பாவத்தான் மூடுனாரு. எனக்கு ஆத்தரத்துல அழுகையே வந்துருச்சு. என்ற புள்ளைக்கு மாமன் மடி இல்லாமப் போயிருமோன்னு ராத்திரி பூராவும் பொட்டுத் தூக்கமில்லை.

மக்யா நாளு வெடியால வெத்தலபாக்குத் தட்டோட ஆனைமலைக்கு மொத பஸ்ஸு ஏறுனோம். அண்ணன் வாங்கன்னாரு, உக்காருங்கன்னாரு, காப்பியும் வந்துச்சு. மரியாதைக்கு ஒரு கொறையும் இல்லை. ஆனா நீட்டுன தட்டத் தொடலீங்க. யுவஸ்ரீ அவரு காலக் கட்டிக்கிட்டு நின்னா, தலையத் தடவுனாரு, தூக்கலை.

இவரு டப்பாவ எடுத்து வெவரஞ் சொல்ல ஆரம்பிச்சாரு. பேரு எப்படி வரிசையா வருது, எதுக்கு அண்ணன் பேரு கடைசியில போச்சு, எல்லாத்தையும். அண்ணன் பொறுமையாக் கேட்டாரு.

"அப்ப, எம்மேல கோவத்துல கடைசியா வெக்கலீங்களா மாப்ள?"

"அம்மன் சத்தியமா இல்லீங்க மச்சான். நான் வெக்கவே இல்லை, மிசினு வெச்சுது."

அண்ணன் காப்பி டம்ளர எடுத்து ஓரமா வெச்சாரு. அப்பறம் மெதுவாச் சொன்னாரு. "கோவத்துல வெச்சிருந்தாக்கூடப் போச்சாது, போகுதுன்னு உட்டுருப்பனுங்க. கோவம்னா நான் உங்க நெனப்புல இருக்கறேன்னு ஆவுது. மிசினு வெச்சுதுங்கறீங்களே, அதுதான் எனக்கு வெசனமா இருக்குது. எங்க, மண்டி நம்பரச் சொல்லுங்க பாக்கலாம்."

கண்ணாலம் ஆன புதுசுல இவரு தெனமும் அண்ணனக் கூப்புட்ட நம்பருங்க அது. எத மறந்தாலும் அத மறக்க மாட்டாரு, அப்பெல்லாம் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாரு. இப்ப அவரு கை டப்பாவுக்குத்தான் போச்சு. பாதியில நின்னுது. மொகம் செத்துப்போச்சு. அத்தன கோவத்துலயும் எனக்கு அவரப் பாக்கப் பாவமா இருந்துச்சு.

அப்பறம் டப்பாவத் தொறந்து என்னமோ அமுத்துனாரு.

"என்ன பண்றீங்க மாப்ள?"

"உங்க பேர எடுத்துப்போட்டனுங்க மச்சான்."

"எடுத்துப்போட்டா எப்படிங்க கூப்புடுவீங்க?"

"நீங்க சொல்லுங்க. மனப்பாடம் பண்ணிக்கறேன்."

அண்ணன் சொன்னாரு. இவரு பள்ளிக்கூடத்துப் பையனாட்டத் திருப்பிச் சொன்னாரு, நடுவுல தப்பு உட்டாரு. அண்ணன் திருத்துனாரு. மறுக்காவும் தப்பு. அண்ணனுக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சுக்கிட்டே தட்ட வாங்கி மடியில வெச்சுக்கிட்டாரு. எனக்குக் கண்ணு நெறஞ்சுபோச்சுங்க.

காதுகுத்தன்னைக்கு அதே மடியில யுவஸ்ரீ. ஆசாரி ஊசிய எடுத்ததும் அவ போட்ட கத்துல கோயிலே திரும்பிப் பாத்துச்சு. கூடவே இவரு சட்டைப் பையிலயும் கீகீன்னு ஒரு கத்து. காதுகுத்து நேரத்த அதுல ஏத்தி வெச்சிருக்கறாரு மனுசன்.

"உங்க மிசினு இப்பத்தான் வந்து சொல்லுது மாப்ள"ன்னு அண்ணன் சொல்ல, எல்லாரும் சிரிச்சாங்க. இவரும் சிரிச்சுக்கிட்டே அத அமுத்துனாரு.

டப்பாவ நான் தூக்கிப் போடச் சொல்லலீங்க. மோட்டாருக்காரங்களுக்கு அது வேணும், அவரு பொழப்பு அது. பஸ்ஸுல ஊட்டுக்கு வரையிலயும் நாளைக்கு எந்தத் தோட்டம்னு அதுலதான் பாத்தாரு. பாத்துப்போட்டு, வாய்க்குள்ள மண்டி நம்பர ஒருக்காச் சொல்லிப் பாத்துக்கிட்டாரு. தப்பில்லாமத்தான் சொன்னாரு.

"ஏனுங்க"ன்னேன்.

"என்ன ராசாத்தா?"

"என்ற பேர எப்பவும் அதுல ஏத்திராதீங்க."

அவரு டப்பாவ மூடிப் பையில போட்டுட்டு, தூங்கிட்டிருந்த புள்ளைய என்ற மடியில இருந்து வாங்கிக்கிட்டாரு.