சுவர்ப் பக்கம்

மகள் வாசற்கதவைப் பூட்டினாள். இரண்டு படி இறங்கியவள் திரும்ப ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தாள். இன்னும் நாலு படி இறங்கி, மறுபடியும் ஏறினாள். மகளோடு இருந்துவிட்டுப் போகலாம் என்று இந்த நாட்டுக்கு வந்த ஒன்றரை மாதமாகக் கம்பவுண்டர் இதைத் தினமும் பார்க்கிறார். "பூட்டு செஞ்சவனே இவ்வளவு சோதிச்சிருக்க மாட்டான், மாமா" என்று மாப்பிள்ளை கிண்டல் செய்வார். கம்பவுண்டர் சிரித்து வைப்பார். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சிரித்து வைத்தார்.

கம்பவுண்டர் என்பது ஊரார் மரியாதைக்குச் சொன்னது. அரசு கால்நடை ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருஷம் அவர் பார்த்தது பிடிக்கிற வேலை. டாக்டர் ஊசி போடுவார், இவர் பிடித்துக்கொள்வார். அதிலும் பிழைக்காது என்று எழுதிவிட்ட நாய்களைக் கடைசி ஊசிக்குப் பிடிப்பதற்கு இவரை விட்டால் ஆள் கிடையாது. துணி நாடாவால் வாயைக் கட்டி, கழுத்தைக் கக்கத்தில் இடுக்கி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவார். ஊசியைப் பார்த்தால் துள்ளும் என்று புதிதாக வருகிறவர்களுக்குக் காரணம் சொல்லுவார். கண்ணைப் பார்த்தால் கை தளர்ந்துவிடும் என்பதுதான் நிஜமான காரணம். அதை யாரிடமும் சொன்னதில்லை.

இந்த ஊரில் நாய்க்கு நடக்கும் உபசாரத்தைப் பார்த்து முதல் வாரம் அவருக்கு எரிச்சல்தான் வந்தது. மருந்துக் கடை வாசலில் கிண்ணத்தில் தண்ணீர். பேருந்தில் மனிதன் நின்றுகொண்டு வர, ஒரு கிழட்டு நாய் ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிறது. காணாமல் போன பூனைக்குக் கம்பத்துக்குக் கம்பம் படம் ஒட்டியிருக்கிறார்கள். ஒருநாள் வாத்து ஒன்று குஞ்சுகளோடு சாலையைக் கடந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன, ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. வேலை வெட்டி இல்லாத சனங்கள் என்று முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஆனால் மறுநாள் அதே நேரத்துக்கு அதே இடத்தில் போய் நின்றார், வாத்து வருகிறதா என்று.

அப்போதுதான் கீழ் வீட்டம்மா படி தவறி இடுப்பை முறித்துக்கொண்டாள். ஒண்டிக்கட்டை. அவளுடைய நாயைக் காலையில் நடத்திக்கொண்டு போக ஆள் வேண்டும் என்று மகள் சொன்னாள். சும்மாதானே இருக்கிறோம் என்று இவர் ஒத்துக்கொண்டார். நாயின் பேர் அவர் நாக்குக்குப் படியவில்லை. நரைத்த முகமும் தடித்த மூட்டுமாக அது நடந்த நடைக்குப் 'பெரியவர்' என்று தானே பேர் வைத்துவிட்டார். பெரியவர் மூன்றாவது மரத்தடியில் கட்டாயம் நிற்பார். மோந்து முடிக்கிறவரை நகர மாட்டார். இவரும் வாரைத் தளர்த்திவிட்டுக் காத்திருப்பார். வேலையில் இருந்த காலத்தில் ஒரு நாய்க்காகவும் அவர் காத்திருந்ததில்லை. எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு நல்லது என்றே இருந்துவிட்டார்.

பெரியவர் எழுந்திருக்க முடியாமல் போனது நேற்று. ஈரலில் கட்டியாம். இன்று மத்தியானம் நாய் டாக்டரம்மா வீட்டுக்கே வந்து கடைசி ஊசி போடுகிறாளாம்.

"கீழ் வீட்டம்மாவால குனிய முடியாதுப்பா. நீங்க தலையைப் பிடிச்சுக்கணும்னு கேக்கறாங்க" என்றாள் மகள்.

"பிடிச்சவரைக்கும் போதும்மா. வேற யாரையாவது பாரு."

"உங்ககிட்டதான் அது அமைதியா இருக்கு. எத்தனை ஜீவனைக் காப்பாத்தின கை உங்களுது."

மகளுக்குத் தெரிந்த அப்பா மருந்து கொடுக்கிற அப்பா. அவளுக்கு ஒன்பது வயதில் வீட்டில் ஒரு நாய் இருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கும், துரை என்று அவள்தான் கூப்பிட்டாள். நோய் மூளைக்கு ஏறிப் பின்னங்கால் இழுத்துக்கொண்டது. அவள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், தானே பிடித்தார். சாயங்காலம் குழந்தை கேட்டபோது, கேட் திறந்திருந்தது, எங்கேயோ போய்விட்டது என்றார். காலையில் கடைசியாகக் கேட்டைத் தாண்டிப் போனவள் அவள். நான்தான் சாத்தாமல் போய்விட்டேன் என்று மூன்று நாள் சாப்பிடாமல் அழுதாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாவி மனுஷன், அழுதால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டார். இன்று வரைக்கும் சரியாகவில்லை. தினமும் பூட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறாள்.

மத்தியானம் கீழே போனார்கள். மாடியிலிருந்தும் எதிர் வீட்டிலிருந்தும் ஒவ்வொருவராக வந்து, பெரியவரின் தலையைத் தடவி, காதோடு ஏதோ சொல்லிவிட்டுப் போனார்கள். தபால்காரர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குனிந்தார். கம்பவுண்டர் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலில் சாய்ந்திருந்த கீழ் வீட்டம்மாவுக்குப் பக்கத்தில், தரையில் மெத்தை விரித்துப் பெரியவரைப் படுக்க வைத்திருந்தார்கள். டாக்டரம்மா பெட்டியைத் திறந்தாள். இவர் உட்கார்ந்து தலையை எடுத்து மடியில் வைத்தார். டாக்டரம்மா கை ஊசிக்குப் போனது. அவ்வளவுதான், இவருடைய கை தன் வேலையைச் செய்துவிட்டது. கழுத்தை இடுக்கி, முகத்தைச் சட்டென்று சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டார்.

கீழ் வீட்டம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. டாக்டரம்மா ஊசியை வைத்துவிட்டு ஏதோ கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை.

"ஏன் அந்தப் பக்கம் திருப்பறீங்கன்னு கேக்கறாங்கப்பா. கடைசியா அது பாக்கறது அவங்க முகமா இருக்கணுமாம்."

கம்பவுண்டருக்கு முகம் சுண்டிப்போனது. "எங்க ஆஸ்பத்திரியில அப்படித்தான் பழக்கம்னு சொல்லும்மா. கண்ணைப் பாத்தா கை தளர்ந்துடும். எல்லாத்துக்கும் அப்படித்தான் செஞ்சேன். நம்ம துரைக்குக்கூட…"

மகள் அவர் பேசப் பேசவே மொழிபெயர்த்துக்கொண்டு வந்தாள். கை தளர்ந்துவிடும் என்பதுவரை சொல்லியிருப்பாள். பிறகு அவள் வாய் நின்றுவிட்டது. அந்த அறையில் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் புரிந்த பேச்சு அது. டாக்டரம்மா மீதிக்காகக் காத்திருந்தாள்.

மகள் முன்னால் வந்தாள். தரையில் உட்கார்ந்து, அப்பாவின் பிடியை விலக்கி, பெரியவரின் முகத்தைக் கட்டில் பக்கம் திருப்பினாள். டாக்டரம்மா ஊசி போடும்போது கீழ் வீட்டம்மா பேசிக்கொண்டே இருந்தாள். பெரியவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், பார்வை நிலைக்கிறவரைக்கும். கம்பவுண்டர் முதல் தடவையாக அதை முழுசாகப் பார்த்தார். கை தளரத்தான் செய்தது. தளர்ந்த கையும் அந்தத் தலைக்கு அடியிலேயே இருந்தது.

அன்று சாயங்காலம் மகள் சமைத்தாள். சாப்பாடு போட்டாள், தண்ணீர் வைத்தாள், அவர் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

காலையில் நடக்கிற நேரத்துக்கு அவர் பழக்க தோஷத்தில் எழுந்து செருப்பு மாட்டியபோது, அவளும் கிளம்பி நின்றாள். பூட்டினாள். இரண்டு படி இறங்கி ஏறினாள். நாலு படி இறங்கி ஏறினாள். தெருவுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"கேட்டை நான் சாத்திட்டுத்தான் போனேனாப்பா?"

"சாத்திட்டுத்தான் போனே. கொக்கிகூடப் போட்டிருந்தே."

இரண்டு மரம் தாண்டினார்கள்.

"என்னைத் தேடுச்சா?"

தேடியது என்று சொல்லலாம், தேடவில்லை என்றும் சொல்லலாம். இரண்டுமே வாய்வரை வந்தன.

"தெரியலைம்மா" என்றார். "சுவத்துப் பக்கம் திருப்பி வச்சிருந்தேன்."

மூன்றாவது மரம் வந்தது. அவர் கால்கள் தாமாக நின்றன. வலது கை, இல்லாத வாரை மெல்லத் தளர்த்தியது. நாலு எட்டு முன்னால் போய்விட்ட மகள் திரும்பிப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து மரத்தின் மறுபக்கம் நின்றுகொண்டாள். பெரியவர் மோந்து முடிப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள்.