எர்ரகட்டா சுங்குலம்மா

ஹைதராபாத்தில் ஒருவனைப் பார்த்து "உன்னை எர்ரகட்டாவுக்கு அனுப்பணும்" என்றால் அடிதடி நிச்சயம். அங்கே மனநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. அதே வட்டாரத்தில் எங்கள் நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியும் இருப்பது யாருக்கும் ஞாபகம் வராது. நான் அங்கே நுரையீரல் அறுவை செய்பவள். கல்யாண வீடுகளில் "எங்கே வேலை?" என்று யாராவது கேட்டால் "எர்ரகட்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர்கள் ஓரடி பின்வாங்குவதைப் பார்த்து ரசிப்பேன்.

மத்திலேட்டிக்கு அந்தப் பெயர் ரசிக்கவில்லை. கர்னூல் பக்கம் கோடுமூரிலிருந்து அம்மா சுங்குலம்மாவைக் கூட்டிவந்தவன், எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல வெட்கப்பட்டு, "எர்ரகட்டால பெரிய ஆஸ்பத்திரி" என்று முணுமுணுத்திருக்கிறான். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். அவளுக்கு மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

"மேடம், அம்மாவுக்குப் புத்தி சரியில்ல. இங்கயே வச்சுக்குங்க" என்றான் என்னிடம்.

"தப்பான இடத்துக்கு வந்துட்டே. இது நெஞ்சாஸ்பத்திரி" என்றேன். அவன் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தபோதுதான் கவனித்தேன். மூச்சுக்கு அவளுடைய வலது மார்பு மட்டும் ஏறி இறங்கியது. இடது பக்கம் அசையவேயில்லை. ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் அங்கே ஒரு சத்தமும் இல்லை. விரலால் தட்டினால் சுவரைத் தட்டியதுபோல் இருந்தது.

புத்தியையும் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று, "இது எந்த இடம்னு தெரியுதாம்மா?" என்று கேட்டேன்.

"எர்ரகட்டா."

"எர்ரகட்டான்னா?"

"என்ன தாயி, எர்ரகட்டா தெரியாமலா இத்தனை நாள் குழம்பு வச்சே? இந்த வருஷம் மூணு ஏக்கர் போட்டிருக்கேன்."

"பாத்தீங்களா மேடம்? இடத்தைக் கேட்டா வெங்காயத்தைச் சொல்லுது" என்று மகன் தலையிலடித்துக்கொண்டான்.

கர்னூல்காரர்களுக்கு வெங்காயத்தின் பெயர் அதுதான். ஹைதராபாத்காரியான எனக்கு அது உறைக்க ஒரு நிமிஷம் ஆனது. அவள் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துப்போயிற்று.

மகன் சொன்ன கதை இது. விடிந்தால் போதும், காரணமில்லாமல் வைவாள், பானையைப் போட்டு உடைப்பாள். ஒரு நாள் சேலையில்லாமல் களத்துக்குப் போய்விட்டாள். சாப்பிட்டபிறகு சாதுவாகிவிடுவாள், நடந்தது எதுவும் நினைவிருக்காது. அம்மன் வந்திருக்கிறது என்றார்கள், பூஜை போட்டார்கள். அப்புறம் எல்லாரும் எர்ரகட்டா என்றார்கள்.

"போதாததுக்கு எப்பப் பாத்தாலும் வெல்லத்தைத் திருடித் திங்குது மேடம். பானையைப் பூட்டியே வச்சிட்டோம்."

"என் வீட்டு வெல்லத்தை நான் தின்னா திருட்டாடா?"

எக்ஸ்ரேயில் இடது மார்பு முழுக்க வெள்ளை. ஊசி போட்டுத் துணுக்கெடுத்துப் பார்த்ததில், நுரையீரலைப் போர்த்தியிருக்கும் சவ்விலிருந்து வளர்ந்த கட்டி என்று தெரிந்தது. மெதுவாக வளர்கிற ஜாதி. ஊரெல்லாம் பரவுகிற பொல்லாத ஜாதி இல்லை. தெலுங்கில் கட்டா என்றால் கட்டியும்தான், கிழங்கும்தான், நாம் காலூன்றி நிற்கிற மண்ணும்தான். "நெஞ்சுல ஒரு கட்டா இருக்கும்மா" என்றேன்.

"விதைக்காமலே விளைஞ்சிருக்கா?" என்றாள்.

எங்கள் தலைமை டாக்டர் ரகோத்தம ராவ் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "எடுக்கலாம் ஹைமா. ஆனா இவ்வளவு பெரிசு, மேஜையிலயே ரத்தம் கொட்டி உயிர் போனாலும் போகும். சம்மதம் யார் தரது? புத்தி சரியில்லைன்னு மகனே சொல்றான். அப்போ அந்தம்மா சொல்றது செல்லாது. அவன்தான் சொல்லணும்."

"வேணாம் சார். அறுத்தாலும் பைத்தியம் பைத்தியந்தானே. அந்த ஆஸ்பத்திரிலயே சேத்துட்டு நான் ஊருக்குப் போறேன்" என்றான் மத்திலேட்டி.

"டேய், நெஞ்சு என்னுது. அறுக்கச் சொல்லு" என்றாள் சுங்குலம்மா.

அவள் பேசியதை யாரும் காதில் வாங்கவில்லை. மூன்று பேரும் அவளுடைய நெஞ்சைப் பற்றி அவளுடைய தலைக்கு மேல் பேசிக்கொண்டிருந்தோம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஸ்கேன் எடுத்தபிறகு முடிவு பண்ணலாம் சார்" என்று நேரத்தை வாங்கினேன்.

ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வரவேண்டும். மறுநாள் காலை வரிசையில் நின்றிருந்தவள் திடீரென்று கத்த ஆரம்பித்தாள். மகன்மேல் செருப்பை எறிந்தாள். ஓடிப்போன என்னை யாரென்றே அவளுக்குத் தெரியவில்லை.

"இப்பப் பாருங்க மேடம்! நான் சொன்னா நம்பலியே!" என்றான் மத்திலேட்டி. அவன் குரலில் ஒரு வெற்றி.

நான் அவளுடைய கையைப் பிடித்தேன். தொப்பலாக வேர்த்திருந்தது. வேர்வை, வெறும் வயிறு, பூட்டிவைத்த வெல்லப்பானை. என் மண்டையில் ஏதோ சுரீரென்றது. விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தேன். சர்க்கரை முப்பத்தொன்று. எழுபதுக்குக் கீழே போகவே கூடாது. அவள் சர்க்கரை நோயாளி இல்லை, எந்த மாத்திரையும் சாப்பிடுகிறவள் இல்லை.

குளுக்கோஸை நரம்பில் ஏற்றினேன். சிரிஞ்சு காலியாவதற்குள் கத்தல் அடங்கியது. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சுற்றிலும் பார்த்தாள். "ஏண்டா, என் செருப்பு ஏன் அங்க கிடக்கு?"

இந்த ஜாதிக் கட்டி மிகப் பெரிதானால், அபூர்வமாக, ஒரு சுரப்பை ரத்தத்தில் கலந்து சர்க்கரையை இறக்கிவிடும். சர்க்கரை இல்லாமல் மூளை தடுமாறும். இரவெல்லாம் பட்டினி கிடக்கிற உடம்புக்கு விடிகாலையில்தான் அது முற்றும். புத்தகத்தில் படித்திருக்கிறேன், கண்ணால் கண்டதில்லை. பைத்தியம் அவள் தலையில் இல்லை, நெஞ்சில் இருந்தது.

ராவை அழைத்துவந்தேன். "இப்போ அவங்ககிட்டயே கேளுங்க சார்."

அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். "அம்மா, அறுத்தா உயிர் போகலாம். புரியுதா?"

"அறுக்கலைன்னா?"

"இப்படியே இருக்கும். அப்புறம் மூச்சு முட்டும்."

"இப்படியேன்னா பைத்தியமா. அப்படித்தானே?" மகனைத் திரும்பிப் பார்த்தாள். "அறுங்க. மேஜையில செத்தேன்னா, புத்தியோட செத்தேன்னு ஊர்ல போய்ச் சொல்லுடா. அது போதும் எனக்கு."

ராவ் எழுந்து என்னிடம், "நானும் கூட நிக்கறேன்" என்றார்.

விலா எலும்புகளை விலக்கியபோது கட்டி தெரிந்தது. வெள்ளையாக, முண்டுமுண்டாக, இதயத்தை வலப்பக்கம் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தது. ஆனால் அது தொங்கியது கட்டைவிரல் பருமனான ஒரு காம்பில். காம்பை நூலால் கட்டி வெட்டினேன். வெளியே எடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. அதன் அடியில் கசங்கிக் கிடந்த நுரையீரல் ஒவ்வொரு மூச்சுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து சிவந்தது.

"ஹைமா, சர்க்கரை தானா ஏறுது. குளுக்கோஸை நிறுத்தறேன்" என்றார் மயக்க மருந்து டாக்டர். முகமூடிக்குள் நான் அழுதேன்.

கண் விழித்து, பேச்சு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "எவ்வளவு தேறிச்சு?"

"ரெண்டரை கிலோ."

"ஒத்தைக் கட்டாவா? சந்தையில யாரும் நம்பமாட்டாங்க."

இதை ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதுவோம், பல தேசத்து டாக்டர்கள் படிப்பார்கள், ஆனால் பெயர் போடமாட்டோம், 'ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி' என்றுதான் வரும் என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஐம்பத்தெட்டு வயசு பொம்பளை கோடுமூர்ல மட்டும் எத்தனை பேரு! என் கட்டா, என் பேரு இல்லாம எப்படிப் போகும்?" சட்டம் அப்படி என்றேன். "உன் சட்டத்துல வெங்காயம்!" என்றாள்.

அதன்பிறகு எந்தக் காலையிலும் அவள் தடுமாறவில்லை. ஒரு நாள் மத்திலேட்டி வெல்லத் துண்டொன்றைக் காகிதத்தில் மடித்து வந்து நீட்டினான். "இப்ப வேணாம்டா. வேணும்னப்ப பூட்டினே" என்றாள். அவன் அதைக் கையில் வைத்தபடியே சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தான். சாப்பாட்டுக்குப் பிறகு பாதி பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, மீதியை அவனிடமே கொடுத்தாள்.

வீட்டுக்குப் போகிற அன்று வாசல்வரை நானும் போனேன். மத்திலேட்டி குரலைத் தாழ்த்தி, "யாரு கேட்டாலும் கர்னூல்லயே வைத்தியம் பாத்தோம்னு சொல்லும்மா. எர்ரகட்டான்னு சொல்லாத. பேரு கெட்டுப்போகும்" என்றான். அந்த நேரம் பார்த்து அவனுடைய போன் அடித்தது. ஊரிலிருந்து அவனுடைய சித்தி. அவன் எடுப்பதற்குள் சுங்குலம்மா போனைப் பிடுங்கிவிட்டாள்.

"ஆமாண்டி, எர்ரகட்டாவுலதான் இருக்கேன். அந்த எர்ரகட்டாவேதான். எனக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு. புத்தியில்லாதவன் பின்னால பையைத் தூக்கிட்டு வரான்." மூச்சை இழுத்தாள். மார்பின் இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறியது. "சந்தையில எல்லார்கிட்டயும் சொல்லி வை, எர்ரகட்டா சுங்குலம்மா வரான்னு. எவனாவது சிரிச்சான்னா எங்கிட்ட அனுப்பு. தையலைக் காட்டறேன்."