பந்தை விட்டவனின் பன்றி

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. யார் மீது என்று இப்போதே சொன்னால் மேலே படிக்கமாட்டீர்கள்.

முதல் தொடக்கம்: ‘மலைச்சரிவில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு…’ (அடித்துவிட்டேன். பனியாவது மண்ணாங்கட்டியாவது!)

இரண்டாவது: நான் வாத்தியார் வேலைக்கு வந்த வெளிநாட்டில், கொரோகா நகருக்கு மேலே எங்கள் பள்ளத்தாக்கு. ரக்பி லீக் இறுதி ஆட்டம். இரண்டு புள்ளி முன்னால் இருந்தோம். நான்கு நிமிடம் பாக்கி. எதிரணி உயர உதைத்த பந்து, கடைசியில் நின்று காக்கும் சைலஸ் கெப்பாவின் நெஞ்சில் பட்டு நழுவியது. சற்று நேரத்தில் அவன் வீசிய பந்து நேராக எதிராளி கைக்கே போனது. தோற்றோம்.

2

சைலஸைத் திமிர் பிடித்தவனாக எழுதிப் பார்த்தேன். திட்ட வசதியாக இருக்குமே! ஆனால் அவன் என் பழைய மாணவன். தான் மோதி வீழ்த்தியவனைக் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறவன். சனியன், கதைக்கு உதவவில்லை.

3

மறுநாள் காலை, அவன் அம்மா ரோசியின் வள்ளிக்கிழங்குத் தோட்டத்தில் நாற்பது பேர்.

“ஆட்டத்த வித்துட்டான் உன் மவன்! ஊர் மானம் போச்சு. ஈடு வை!”

இங்கே ஈடு என்றால் பன்றி. அடிதடிக்கு வைப்பார்கள், சாவுக்கு வைப்பார்கள். நழுவிய பந்துக்கு எவனும் வைத்ததில்லை.

“கை தவறிப்போச்சுண்ணே” என்றான் சைலஸ்.

“ரெண்டு தடவையுமா? யாருகிட்டடா வாங்குன?”

அவன் கல்யாணத்துக்கென்று ரோசி மூன்று வருடம் வளர்த்த பன்றியை அவிழ்த்துக்கொண்டு போனார்கள்.

[இங்கே கூட்டத்தின் மூர்க்கம் பற்றி ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். எனக்கென்ன யோக்கியதை?]

4

‘விற்றுவிட்டான்’ என்பது, தோற்ற சூட்டில் நான் இவர்கள் மொழியிலேயே ஃபேஸ்புக்கில் போட்டது. ஆதாரம் ஒரு மண்ணும் கிடையாது. வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஊரே பரப்பியது.

நேற்று ரோசி பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டாள்.

“பந்த விட்டவன் பன்னி குடுக்கணும்னா, பொய் சொன்னவன் என்ன குடுக்கணும் வாத்தியாரே? வெளையாடுற பூட்ஸ அடுப்புல போட்டுட்டான். நாலு நாளா வாயே தெறக்கல எம்புள்ள.”

“தப்புன்னு எழுதிடறேம்மா…”

“எழுதி நீதானய்யா கெடுத்த! வந்து வாயால சொல்லு. மைதானத்துல, எல்லாரு முன்னாடியும்.”

5

எழுதிவிட்டேன், பாருங்கள். இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாத தமிழில்! வெட்கங்கெட்ட பயல் நான்.

முடிவு அ: பன்றியோடு மைதானத்தில் போய் நிற்கிறேன்.

முடிவு ஆ: மாற்றல் கேட்டு…

பன்றி வாங்கிவிட்டேன். கயிறு கையில் இருக்கிறது. மைதானத்தில் அந்த நாற்பது பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். சைலஸ் ஆட்டத்தை விற்றுவிட்டான் என்று படித்தபோது நீங்களும் ஒரு நொடி நம்பினீர்கள்தானே? அப்படியானால் முடிவை நீங்களே எழுதுங்கள். ரோசிக்குப் புரிகிற மொழியில்.