ஒருவரும் மறுக்கவில்லை

மருத்துவ ஆராய்ச்சி செய்யப் போகிறவர்களுக்கு வகுப்பு எடுப்பதில் ஜிபாராவுக்கு அலுப்பே கிடையாது. புது மருந்தை ஒரு மனிதருக்குக் கொடுத்துப் பார்க்கும் முன் அவரிடம் எப்படிச் சம்மதம் கேட்க வேண்டும், எதை மறைக்கக் கூடாது என்பதுதான் பாடம். அன்று நரின் என்ற மலை நகரத்தில் வாடகைக்கு எடுத்த கூடத்தில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். உதாரணத்துக்கு அவள் தன் ஆய்வையே எடுத்துக்கொண்டாள். மாட்டிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் மாட்டுக் காய்ச்சல் திரும்ப வராமல் தடுக்கும் மாத்திரை, பதினான்கு கிராமங்கள், இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அத்தனை பேர் வீட்டுக்கும் அவளே நேரில் போய்க் கையெழுத்து வாங்கியிருந்தாள். அந்தப் பெருமை அவளுக்கு இருந்தது.

கடைசி வரிசையில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த சைரகுல் கையைத் தூக்கினாள். மலைக் கிராமம் ஒன்றில் நர்ஸ். ஜிபாராவைவிட இரண்டு வயது இளையவள், ஆனால் வாய் இருபது வயது மூத்தது. அக்காவை அங்கே எஜெ என்பார்கள்.

"எஜெ, இருநூத்திப் பன்னெண்டு பேர்ல எத்தனை பேர் வேண்டாம்னாங்க?"

ஒருவரும் இல்லை என்றாள் ஜிபாரா.

"எங்க ஊர்ல நாளைக்கு வெயில் அடிக்கும்னு சொன்னாலே நாலு பேர் மாட்டேம்பாங்க. ஒருத்தர்கூடவா இல்ல?"

கூடம் சிரித்தது. ஜிபாராவும் சிரித்தாள். சைரகுல் மட்டும் சிரிக்கவில்லை. எங்கே வைத்துக் கேட்டீர்கள் என்றாள். வீட்டில்தான். டீ குடித்தீர்களா? குடிக்காமல் வந்தால் சும்மா விடுவார்களா?

"அப்ப ரொட்டியப் பிட்டு வாயில போட்டுக்கிட்டே காகிதத்த நீட்டியிருக்கீங்க" என்றாள் சைரகுல்.

வீட்டு ரொட்டியைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கும் விருந்தாளி ஒன்றைக் கேட்டால், இல்லை என்று சொல்லும் வீடு இந்த மலைகளில் எங்கே இருக்கிறது? கேட்டது குதிரையாக இருந்தாலும் கொடுத்துவிட்டு, அவர் போன பிறகு தலையில் கை வைத்துக்கொள்வார்கள். ஜிபாரா இங்கேயே பிறந்தவள். வெளியூர்க்காரி யாராவது இருந்திருந்தால் ஒருவேளை சந்தேகப்பட்டிருப்பாள். இவளோ ஒவ்வொரு வீட்டிலும் மரியாதையாகச் சம்மணம் போட்டுச் சாப்பிட்டிருக்கிறாள்.

வகுப்பை எப்படி முடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. மதியச் சாப்பாட்டைத் தள்ளி வைத்தாள். கோப்புகளைப் புரட்டினாள். ஆறாவது கேள்வி கண்ணில் குத்தியது: கருவுற்றிருக்கிறீர்களா? அந்த மாத்திரை வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஆகாது. ஆய்வில் சேர்ந்த நாற்பது மருமகள்களும் இல்லை என்றே சொல்லியிருந்தார்கள். மாமனார், கொழுந்தன், எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டார் என்று அத்தனை பேர் நடுவில் டீ ஊற்றியபடி சொன்ன பதில் அது. வயிறு தெரியும்வரை கண் பட்டுவிடும் என்று வாயைத் திறக்காத ஊரில் வேறு என்ன பதில் வரும்? படித்த முட்டாள் என்று தன்னையே வாய்விட்டுத் திட்டிக்கொண்டாள்.

முதல் வேலையாகப் பதினான்கு கிராமத்து நர்ஸ்களையும் போனில் பிடித்து, மாத்திரையை நிறுத்தச் சொன்னாள். ஒவ்வொரு பெண்ணையும் தனியாகப் பார்த்துக் கேட்கவும் சொன்னாள். ஆனாலும் உட்கார முடியவில்லை. ஒரு முகம் விடாமல் துரத்தியது. பெகாயிம் என்ற மருமகள். ஆறாவது கேள்விக்கு நிமிராமல் தலையாட்டிய பெண். ஜிபாரா காரை எடுத்தாள். கூப்பிடாமலே சைரகுலும் ஏறிக்கொண்டாள்.

பாதி வழியில் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. ஜிபாரா ஹார்ன் அடித்தாள், இறங்கிப் போய்க் கத்தினாள், திரும்பி வந்து ஸ்டியரிங்கைக் குத்தினாள். பெகாயிம் மாத்திரையைத் தொடங்கிப் பத்தொன்பது நாள். தினம் ஒரு மாத்திரை. அந்தக் கணக்கு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

வாசலில் மாமியார் ஊல்ஜான் நின்றாள். அறுபத்தெட்டு வயது, வெள்ளைத் தலைத்துணி, ஊரே அபா என்று கூப்பிடும் பெரியம்மா. உள்ளே வா என்றாள். வரவில்லை என்றாள் ஜிபாரா. அவசரம் என்றால் ஒரு துண்டாவது வாயில் போட்டுக்கொண்டு போ என்று ரொட்டியை நீட்டினாள் கிழவி. ஜிபாரா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். வாழ்க்கையில் அப்படி ஒரு காரியத்தை அவள் செய்ததில்லை. அவமானத்தில் காது கொதித்தது.

"எங்க வீட்டு ரொட்டிக்கு என்ன குறைச்சல்?"

"குறைச்சல் எங்கிட்டதான், அபா. உங்க மருமககிட்ட தனியா ஒண்ணு கேக்கணும்."

பெகாயிம் கார்வரை வந்தாள். நாலு மாதம் என்றாள், தரையைப் பார்த்தபடி. மாத்திரை? சாப்பிடவே இல்லை என்றாள். ஜிபாராவுக்கு உயிர் திரும்பி வந்தது. அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டாள். அடுத்த நொடியே கை தளர்ந்தது. வாராவாரம் நர்ஸ் வாங்கிப் போன காலி அட்டைகளில் ஒரு மாத்திரைகூட மிச்சம் இருந்ததில்லையே.

"அப்ப அதெல்லாம் எங்க போச்சு?"

பெகாயிம் வாசல் பக்கம் பார்த்தாள்.

"அபாகிட்ட மட்டும் விஷயத்தச் சொன்னேன், எஜெ. விருந்தாளிக்குச் சரின்னு சொல்லியாச்சு, இந்த வீட்ல யாராவது ஒருத்தர் சாப்பிட்டாப் போதும்னு அவங்களே தினமும் போட்டுக்கிட்டாங்க."

அறுபதைத் தாண்டியவர்களை ஆய்வில் சேர்க்கவே கூடாது. அவர்கள் இதயத் துடிப்பை அந்த மாத்திரை தாளம் தப்ப வைத்துவிடும். ஜிபாரா ஓடிப்போய்க் கிழவியின் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி இரண்டு துடித்தது, ஒன்றை விட்டது, பிறகு தடதடவென்று ஓடியது. தலை சுற்றுகிறதா என்று கேட்டாள். சுற்றாமல் என்ன, வயதாகவில்லையா என்றாள் ஊல்ஜான்.

காரில் ஏறுங்கள் என்ற சொல் ஜிபாராவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் கிழவி ஏறிவிடுவாள். விருந்தாளி சொன்னதற்காக மாத்திரை தின்றவள், விருந்தாளி சொன்னதற்காகக் காரிலும் ஏறத்தான் செய்வாள். அதுதான் ஜிபாராவின் வாயை அடைத்தது. வாசல் மண்ணிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தான் செய்த தப்பிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். மாத்திரை என்ன செய்யும், நரினில் என்ன மருத்துவம் இருக்கிறது, போகாவிட்டால் என்ன ஆகலாம், எதையும் மழுப்பவில்லை.

"வரலேன்னா?"

"உசுருக்கே ஆபத்து வரலாம், அபா. நீங்க வந்தா எனக்கு நிம்மதி. ஆனா உங்களுக்கு வேண்டாம்னா வேண்டாந்தான். நான் கோவிச்சுக்க மாட்டேன்."

கிழவி அவளைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் போய், புதிதாக ஒன்றைக் கையில் வாங்கிப் பார்க்கும் தோரணை வந்திருந்தது.

"மாடு கறக்க வேண்டியிருக்கு. யோசிச்சுச் சொல்றேன்" என்று உள்ளே போய்விட்டாள். மருமகளும் பின்னாலேயே ஓடினாள்.

கிழவியைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு போய்விடலாம் என்று சைரகுல் பல்லைக் கடித்தாள். ஜிபாரா நரின் மருத்துவமனைக்குப் போன் போட்டாள். விவரம் முழுவதும் கேட்டுக்கொண்ட டாக்டர், நோயாளி சம்மதித்துவிட்டாரா என்று கேட்டார்.

"கேட்டிருக்கேன்" என்றாள் ஜிபாரா.

கொட்டகையிலிருந்து கிழவி பால் கறக்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது. நின்றுவிடக் கூடாதே என்று அதையே கேட்டுக்கொண்டு நின்றாள்.