அரங்குக்குப் போன ஒயர்

நோயாளியின் கணையக் கட்டியைச் சிறு துளைகள் வழியாக எடுத்துக்கொண்டிருந்தார் பெரிய டாக்டர். பக்கத்து மாநாட்டு அரங்கில் ஊர்ப்பட்ட மருத்துவர்கள் அதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று ரத்தம் பீறிட்டது. எவ்வளவு அழுத்தியும் நிற்கவில்லை.

"பிரஷர் இறங்குது சார். வயித்தைத் திறந்துடுங்க," என்றாள் மயக்க மருந்து டாக்டர்.

"எல்லாரும் பார்க்கிறாங்கம்மா. மானம் போயிடும்."

ரத்தம் நிற்காவிட்டால் உடனே திறக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறிகளில் எழுதியவரே அவர்தான். அவள் எட்டிப்போய், அரங்குக்குப் படம் போகும் ஒயரைப் பிடுங்கினாள்.

"இப்ப யாரும் பார்க்கலை. திறங்க."

திறந்தார். நோயாளி பிழைத்துக்கொண்டார்.

மாலையில் பெரிய டாக்டர் மாநாட்டு மேடையேறி, "ஒயர்தான் காலை வாரிடுச்சு. மத்தபடி துளை வழியாவே கச்சிதமா முடிச்சிட்டோம்," என்று இளித்தார். கைதட்டினார்கள். சீ என்றிருந்தது அவளுக்கு. எழுந்துபோய் நோயாளியின் மனைவியிடம் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.