எனக்கே அனுமதி இல்லாத நாவல்

1

இந்தக் கதை பிறக்கக் காரணம் கலைத்தாகம் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் மாட்டிக்கொண்டதுதான் காரணம். 2008இல் எங்கள் அணுபுரம் குவார்ட்டர்ஸுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பழையதன் ஹார்ட் டிஸ்கை அதில் மாட்டியதும் எல்லாம் திறந்தது, 'நாவல்' என்ற ஃபோல்டரைத் தவிர. உங்களுக்கு அனுமதி இல்லை என்றது. அதை 'பிரைவேட்' என்று டிக் செய்து பூட்டியவனே நான்தான். (தினமும் அணுமின் நிலைய கேட்டில் பாஸ் காட்டித்தான் வேலைக்குப் போகிறேன். வீட்டுக்குள்ளும் ஒரு கேட்.)

2

இந்தக் கதைக்கு முதலில் எழுதிய தொடக்கம்: 'சதுரங்கப்பட்டினத்துக் கடல் அன்று கொந்தளித்தது. அவன் மனமும்...'

(அடித்துவிட்டேன். கடல் சும்மாதான் கிடந்தது.)

மனமும் குளிர்ந்துதான் இருந்தது. ஐந்து வருடமாக மனைவி சங்கரியிடம், "இருநூறு பக்கம் தாண்டிடுச்சு" என்று சொல்லிவந்தேன். அவளும் டிவி சத்தத்தைக் குறைத்தே சீரியல் பார்த்தாள். எழுதியது ஒரு பக்கம்கூடத் தேறாது. இனி யாரும் கேட்க முடியாது, நாவலைக் கம்ப்யூட்டர் விழுங்கிவிட்டது.

3

[இங்கே நான் உண்மையை ஒப்புக்கொள்வதாக ஒரு பத்தி இருந்தது. பாத்திரத்தின் குணத்துக்குப் பொருந்தவில்லை.]

சங்கரிக்குத்தான் மனசு ஆறவில்லை. செங்கல்பட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தௌசிஃபை வரவழைத்துவிட்டாள்.

"இன்னா சார், உன் ஃபோல்டருக்கு நீ ஓனர் இல்லன்னுது. ஏதோ நீட்டா ஒரு நம்பரு ஓனரா கீது."

"விட்டுடுங்க பாய். மறுபடி எழுதிக்கிறேன்."

"இருநூறு பக்கத்தையுமா?" என்றாள் சங்கரி.

"இன்னாத்துக்கு? ஓனரை மாத்திட்டா தொறந்துக்கும். பேஜாரே இல்ல."

"வைரஸ் இருந்தா?" என்றேன்.

அதற்குள் மாற்றிவிட்டார். உள்ளே ஒரே ஃபைல்.

"பத்தொம்போது கேபி*. இதுல வைரஸு குந்த எடம் ஏது சார்?" என்றவர் என் முகத்தைப் பார்த்தார். குரலை மாற்றிக்கொண்டார். "பெரிய எழுத்துன்னா ஃபைலு சின்னதாதான் இருக்கும்க்கா."

* கிலோபைட். ஒன்றும் எழுதாத வெறும் தாளுக்கே அவ்வளவு வரும்.

4

முடிவு அ: கரண்ட் போனது. (அணுபுரத்தில். நம்ப மாட்டீர்கள்.)

முடிவு ஆ: இருநூறு பக்கமும் உள்ளே இருந்தது. (இதை எழுத எனக்கே கூச்சமாக...)

நடந்தது: பக்கத்தின் நடுவில் ஒரு வரி. 'சங்கரிக்கு.' அதற்குக் கீழே வெள்ளை. சங்கரி மவுஸை வாங்கி உருட்டிப் பார்த்தாள். மீண்டும் மேலே வந்தாள்.

"மிச்சம் வேற எங்கனா இருக்கும்க்கா, தேடலாம்."

"வேணாம் தம்பி. இவ்ளோதான்." பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்: "இந்த ஒரு வரியாவது நெஜமா?"

என் பதிலை மூன்று முறை எழுதி அழித்துவிட்டேன். இருநூறு பக்கம் பொய் சொன்னவன் 'ஆமாம்' என்றால் யார் நம்புவார்கள்? நீங்கள்தான் ஏதாவது எடுத்துக்கொடுக்க வேண்டும். கொஞ்சம் சீக்கிரம். அவள் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.